கோபம் வரும்போது என்ன செய்வது? விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கு ஒரு பயம் வருகிறது. பழைய கோபம் போகவில்லை. வீட்டில் குரல் உயர்கிறது. வேலையிடத்தில் ஒருவருடைய பெயரைக் கேட்டாலே நெஞ்சு இறுகுகிறது. ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே முந்தின நாள் சண்டை மனத்தில் ஓடுகிறது. ‘நான் உண்மையாகவே மனந்திரும்பினேனா?’ என்றுகூடச் சிலர் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கோபமாக இருப்பவரிடம் தேவன் எப்படிப் பேசுகிறார் என்று முதலில் பார்ப்போம். வேதத்தில் கோபப்பட்டவனாக நாம் முதலில் சந்திக்கிற மனிதன் காயீன். அவனிடம் கர்த்தர் கேட்டது இதுதான்: “உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?” (ஆதியாகமம் 4:6). நினிவே அழியவில்லையே என்று கொதித்த யோனாவிடமும் ஒரு கேள்வி: “நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?” (யோனா 4:4). காயீன் பதிலே சொல்லவில்லை; தம்பியை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொன்றான். யோனா பதில் சொன்னான். அதுவும் முரட்டுத்தனமான பதில். சாகுமட்டும் எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்றான். ஆனாலும் அவனுக்கும் தேவனுக்கும் பேச்சு அறுந்துபோகவில்லை. புத்தகத்தின் கடைசி வரி வரைக்கும் தேவன் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கோபத்தைக் கொட்டித் தீர்ப்பவரும், அதை விழுங்கிவிட்டுப் புன்னகைப்பவரும் செய்வது ஒன்றுதான்: அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள். பின்வரும் படிகள் எல்லாம் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் பழகுவதற்காகத்தான்.

கோபமே பாவமா?

இல்லை. “நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்” என்று பவுல் எழுதுகிறார் (எபேசியர் 4:26). கோபம் வரும் என்பதை அவர் ஒப்புக்கொண்டே பேசுகிறார். ஓய்வுநாளில் ஜெபஆலயத்தில் சூம்பின கையுடைய மனிதன் நின்றபோது, அவன் குணமடைவதைவிடக் குற்றம் கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தவர்களை இயேசு கோபத்துடன் பார்த்தார் (மாற்கு 3:5). அதே வசனம் அவர் விசனப்பட்டார் என்றும் சொல்கிறது. அந்தக் கோபத்துக்குள் துக்கம் இருந்தது. அதற்கு அடுத்து அவர் செய்தது, அந்த மனிதனைக் குணமாக்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘தேவாலயத்தில் வியாபாரம் செய்தவர்களைத் துரத்த இயேசுவே சவுக்கை எடுத்தாரே’ என்று தங்கள் கோபத்துக்கு நியாயம் தேடுகிறவர்கள் பலர். மாற்கு சொல்வதைக் கவனித்துப் படியுங்கள். இயேசு எருசலேமுக்கு வந்த அன்று தேவாலயத்துக்குள் போய், எல்லாவற்றையும் சுற்றிப்பார்த்துவிட்டு, சாயங்காலமானதும் பெத்தானியாவுக்குப் போய்விடுகிறார் (மாற்கு 11:11). மறுநாள்தான் காசுக்காரருடைய பலகைகளைக் கவிழ்க்கிறார். நடுவில் ஓர் இரவு இருக்கிறது. தம்மை அவமானப்படுத்தினார்கள் என்பதற்காகவும் அவர் அதைச் செய்யவில்லை. தம்மை அடித்தபோதும் துப்பியபோதும் அவர் கை ஓங்கவில்லை. நம்முடைய கோபத்தில் பெரும்பகுதி இதற்கு நேர்மாறாக இருக்கிறது: நமக்கு நேர்ந்ததற்காக வருகிறது, ஒரு நிமிடம்கூடப் பொறுப்பதில்லை. “மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே” என்று யாக்கோபு எழுதியது (1:20) இதைத்தான்.

முதல் படி: வாயை நிறுத்துங்கள்

யாக்கோபு 1:19 ஒரு வரிசை தருகிறது: கேட்பதற்குத் தீவிரம், பேசுவதற்குப் பொறுமை, கோபிப்பதற்குத் தாமதம். கோபம் ஏறும்போது நாம் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

உடல் முன்னதாகவே தெரிவித்துவிடும். தாடை இறுகும், காது சூடாகும், மூச்சு மேலோட்டமாகும், மற்றவர் பேசி முடிக்குமுன் பதில் நாக்கில் வந்து நிற்கும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் பேச்சை நிறுத்துங்கள். இப்படிச் சொல்லலாம்: “இப்போது பேசினால் தவறாகப் பேசிவிடுவேன். ஒரு மணி நேரம் கழித்துப் பேசுவோம்.” எப்போது திரும்பி வருவீர்கள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் எழுந்துபோவது எதிரில் இருப்பவருக்குத் தண்டனையாகத்தான் படும். சொன்ன நேரத்துக்கு நீங்களே திரும்பிப் போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இந்த இடைவெளியில் கைபேசியில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள். நடந்ததை மூன்றாவது ஒருவரிடம் விவரிக்கவும் வேண்டாம். தலையணையைக் குத்தினால் கோபம் இறங்கும் என்று சொல்வார்கள்; அதையும் நம்பாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். நடந்துவிட்டு வாருங்கள், முகம் கழுவுங்கள், மெதுவாக மூச்சு விடுங்கள். மனத்தில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டாமல் இருப்பதே முக்கியம்.

மோசேயைப் போலச் சாந்தகுணமுள்ளவர் பூமியில் இல்லை என்று எண்ணாகமம் 12 சொல்கிறது. அதே மோசே 20ஆம் அதிகாரத்தில், “கலகக்காரரே, கேளுங்கள்” என்று கத்தி, பேசச் சொல்லப்பட்ட கன்மலையைக் கோலால் இரண்டு தரம் அடித்தார். வாக்குத்தத்த தேசத்துக்குள் நுழையும் பாக்கியத்தை அந்த நாளில் இழந்தார். அதற்குச் சற்று முன்புதான் அவருடைய அக்காள் மிரியாம் இறந்து அடக்கம் செய்யப்பட்டிருந்தாள் (20:1). துக்கத்திலும் களைப்பிலும் இருக்கும்போது நிதானம் சீக்கிரம் உடைகிறது என்பதை அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதும் ஆவிக்குரிய கேள்விதான்.

இரண்டாம் படி: கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

புதியவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுவது இந்தப் படியைத்தான். கொஞ்சம் ஆறியதும் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். ‘எனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?’ என்று மேலே எழுதுங்கள்.

முதலில், நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘என்னை மதிக்கவே இல்லை’ என்பது நடந்தது அல்ல, நீங்கள் அதற்குக் கொடுத்த பொருள். ‘கூட்டத்தில் நான் தயாரித்த அறிக்கையைத் தன் பெயரில் வாசித்தார்’ என்பது நடந்தது. இரண்டையும் பிரித்து எழுதும்போதே பல கோபங்கள் பாதியாகிவிடும். சில கோபங்கள் நியாயமானவை என்று உறுதிப்படுவதும் உண்டு. இரண்டுமே நல்லது.

அடுத்து, கோபத்துக்கு அடியில் இருப்பதைத் தேடுங்கள். நான் எதை விரும்பினேன்? எது கிடைக்கவில்லை? எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்? சண்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டு, நமக்குள்ளே போர்செய்கிற இச்சைகளிலிருந்து என்று யாக்கோபு 4:1 பதில் சொல்கிறது. எல்லா விருப்பமும் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. பிள்ளை கீழ்ப்படிய வேண்டும், கணவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், மேலதிகாரி நேர்மையாக நடக்க வேண்டும் என்று விரும்புவது நியாயம்தான். அந்த விருப்பம், ‘இது கிடைக்காவிட்டால் யாரையும் விடமாட்டேன்’ என்ற அளவுக்கு வளரும்போது நம்மை ஆளத் தொடங்குகிறது.

லூக்கா 15இல் வருகிற மூத்த மகனைப் பாருங்கள். தம்பி திரும்பி வந்த விருந்துக்குள் நுழைய மாட்டேன் என்று கோபத்தோடு வெளியே நிற்கிறான். அப்பா கேட்டதும் கொட்டுகிறான்: இத்தனை வருஷமாக ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூட நீர் கொடுத்ததில்லை. அவனுடைய கோபம் அன்று மாலை பிறந்ததல்ல. பல வருடங்களாக மனத்துக்குள் கணக்கு வைத்திருக்கிறான். தன்னை மகனாக நினைக்காமல் கூலிக்காரனாக நினைத்தே அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறான். சின்ன விஷயத்துக்கு நமக்குப் பெரிய கோபம் வந்தால், இப்படிப்பட்ட பழைய கணக்கு ஒன்று உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் தாளில் எழுதுங்கள், வருடக்கணக்கில் பழையதாக இருந்தாலும். தகப்பன் வெளியே வந்து அந்த மகனையும் வருந்தி அழைத்தார் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி: இதே காரியம் எனக்கு வேண்டாத ஒருவருக்கு நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் உங்களுக்குள் நீதிக்கான பசி இருக்கிறது. வந்திருக்காது என்றால் உங்கள் மானம் காயப்பட்டிருக்கிறது. அதுவும் உண்மையான வலிதான். ஆனால் அதை நீதி என்று அழைக்காதீர்கள்.

மூன்றாம் படி: அதை அப்படியே ஜெபியுங்கள்

ஜெபத்தில் நல்ல வார்த்தைகள்தான் பேச வேண்டும் என்று எப்படியோ பழகியிருக்கிறோம். சங்கீதங்கள் அப்படி இல்லை. 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள். அதில் முதல் இரண்டு வசனங்களுக்குள் “எதுவரைக்கும்” என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 55ஆம் சங்கீதம் ஒன்றாக ஆலயத்துக்குப் போன சிநேகிதனே துரோகம் செய்ததைப் பற்றிப் புலம்புகிறது. 109ஆம் சங்கீதத்தை வாய்விட்டுப் படித்தால் அதிர்ந்துபோவீர்கள், அவ்வளவு கடுமை. இவையெல்லாம் வேதத்துக்குள் இருக்கின்றன என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சொல்ல முடியாத வார்த்தைகளை மனிதர்மேல் எறியாமல் தேவனிடம் சொல்ல அனுமதி இருக்கிறது.

13ஆம் சங்கீதத்தின் நடையைப் பின்பற்றுங்கள். முதலில் முறையீடு, எதையும் மழுப்பாமல். பிறகு வேண்டுதல்: எனக்கு என்ன வேண்டும், என்னை நோகடித்தவருக்கு என்ன ஆக வேண்டும். பிறகு, முடிந்தால், நம்பிக்கை. முடியாவிட்டால் அன்றைக்கு முறையீட்டோடு நிறுத்துங்கள், மறுநாள் தொடருங்கள். நடிக்க வேண்டாம்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி கோபத்தைப் பற்றி ஒன்று கவனித்து எழுதினார்: முக்கியமாக ஜெப நேரத்தில்தான் அது மனத்தைப் பிடித்துக்கொண்டு, நம்மை நோகடித்தவருடைய முகத்தைக் கண்முன் காட்டும். உங்களுக்கும் அப்படி நடந்தால் ஜெபம் கெட்டுவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அந்த முகம் வந்ததும், அந்த நபரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். தொடக்கத்தில் ‘கர்த்தாவே, இவரை எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதே ஜெபமாக இருக்கலாம்.

நான்காம் படி: விட்டுவிடுவதா, பேசுவதா?

“குற்றத்தை மன்னிப்பது அவனுக்கு மகிமை” என்கிறது நீதிமொழிகள் 19:11. சின்னத் தவறுகளை, ஒருமுறை நடந்தவற்றை, களைப்பில் விழுந்த சொற்களை விட்டுவிடலாம். விட்டுவிட்டேன் என்றால் அடுத்த சண்டையில் அதை எடுத்துப் பேசக்கூடாது. எடுத்துப் பேசுவேன் என்று தோன்றினால் நீங்கள் விடவில்லை. அப்படியானால் போய்ப் பேசுங்கள்.

பேசாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2 சாமுவேல் 13ஐப் படியுங்கள். தாவீதின் மகள் தாமாரை, வேறொரு தாய்க்குப் பிறந்த அவளுடைய சகோதரன் அம்னோன் பலவந்தப்படுத்துகிறான். தாவீது ராஜா கேள்விப்பட்டு வெகு கோபமடைகிறார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய கூடப்பிறந்த சகோதரன் அப்சலோம் அவளை மவுனமாக இருக்கச் சொல்கிறான்; தானும் அம்னோனிடம் நன்மையோ தின்மையோ பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அம்னோனைக் கொல்லவைக்கிறான். கோபப்படவேண்டிய காரியம்தான் நடந்தது. நீதி செய்யவேண்டியவர் செய்யவில்லை, பேசவேண்டியவன் பேசவில்லை, பாதிக்கப்பட்டவளின் வாயும் அடைக்கப்பட்டது. ‘சண்டை வேண்டாம், சும்மா இரு’ என்று சொல்லும் குடும்பமும் சபையும் இந்த அதிகாரத்தைப் பயத்தோடு படிக்க வேண்டும்.

நெகேமியா வேறு வழி காட்டுகிறார். எருசலேமின் மதில் கட்டப்படும் காலம். பஞ்சத்தில் ஏழைகள் நிலத்தையும் வீட்டையும் அடகுவைத்துவிட்டு, பிள்ளைகளை அடிமைகளாக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். கடன் கொடுத்து வட்டி வாங்கியவர்களோ சொந்த ஜனம். இதைக் கேட்டு அவர் “மிகவும் கோபங்கொண்டு, என் மனதிலே ஆலோசனைபண்ணி” அதன்பின் பிரபுக்களைக் கடிந்துகொண்டதாக எழுதுகிறார் (நெகேமியா 5:6, 7). தானும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் என்பதை மறைக்காமல், ‘இந்த வட்டியை விட்டுவிடுவோம்’ என்று தன்னையும் சேர்த்தே சொல்கிறார். நிலங்களைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டு, ஆணையிடவும் வைக்கிறார். கோபம், ஆலோசனை, நேருக்கு நேர் பேச்சு, குறிப்பான ஒரு கோரிக்கை. கோபத்தைக் கையாள இதைவிடத் தெளிவான மாதிரியை நான் பார்த்ததில்லை.

தனிப்பட்ட காரியத்தில் முதலில் அந்த நபரிடம் தனியாகப் பேசுங்கள் (மத்தேயு 18:15). ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்: ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய தவறைக் குழுவில் பகிர்வது புறங்கூறுதல்தான். ஆலோசனை வேண்டுமானால் வாய் காக்கும் ஒரே ஒருவரிடம் கேளுங்கள்.

பேசும்போது, நடந்தது என்ன, அது உங்களை எப்படிப் பாதித்தது, இனி என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். “நேற்று விருந்தினர் முன்னால் என் சம்பளத்தைப் பற்றிக் கேலியாகப் பேசினீர்கள். எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. இனி அதை மற்றவர் முன்னால் பேசாதீர்கள்.” ‘எப்போதுமே’, ‘ஒருநாளும்’ என்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். சொன்னபின் அவர் பக்கத்தைக் கேளுங்கள். உங்கள் தாளில் எழுதியது தவறு என்று தெரியவரலாம்.

சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியவேண்டும் என்ற வசனத்தை (எபேசியர் 4:26)ப் பிடித்துக்கொண்டு நடுராத்திரி வரைக்கும் விவாதிக்கிற தம்பதிகள் உண்டு. அந்த வசனம் கேட்பது எரிச்சல் தணிவதை. பிரச்சினை முழுவதும் அன்றிரவே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. பவுல் அங்கே எடுத்தாளும் 4ஆம் சங்கீதம், படுக்கையிலே இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருக்கச் சொல்கிறது. ‘நாளைக் காலை பேசுவோம், நான் உன்னை விட்டுப் போகமாட்டேன்’ என்று சொல்லிவிட்டுத் தூங்குவது கீழ்ப்படிதல்தான்.

ஐந்தாம் படி: மன்னிப்பு

மத்தேயு 18இல் ஒரு வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்படுகிறது. அவனோ தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனுடைய தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி, யாராலும் அடைக்க முடியாத தொகை. இந்த ஒப்பீட்டைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் நூறு நாள் கூலி என்பதும் சிறிய தொகை அல்ல. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. உங்களுக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது கடன்தான், உண்மையான கடன். அதை வசூலிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் மன்னிப்பு. நமக்கு மன்னிக்கப்பட்டதன் அளவை நினைக்கும்போது மட்டுமே அதற்குத் தெம்பு வருகிறது.

ஒருமுறை மன்னித்தபின்னும் வலி திரும்பி வரும். அப்போது மன்னிப்பு பொய்யாகிவிட்டது என்று நினைக்காமல், அதே தீர்மானத்தை மறுபடியும் எடுங்கள். எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்ட பேதுருவிடம் இயேசு சொன்ன ஏழெழுபதுதரம் என்பது, ஒரே காயத்துக்காகவும் தேவைப்படலாம்.

மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் வேறு வேறு. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைக் குகையில் கொல்லும் வாய்ப்பு கிடைத்தும் தாவீது கொல்லவில்லை. சவுல் அழுதான், தாவீதை நீதிமான் என்றான். அதன்பின் சவுல் தன் வீட்டுக்குப் போனான். தாவீதோ அரணிப்பான இடத்துக்கு ஏறிப்போனார் (1 சாமுவேல் 24). முன்பு தன்மேல் ஈட்டி எறிந்தவனுடைய அரண்மனைக்குத் திரும்பவில்லை. வீட்டில் அடிவாங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் காவல்துறையிடம் முறையிடுவதும் மன்னிப்புக்கு விரோதமானவை அல்ல. ‘மன்னித்துவிட்டு அங்கேயே இரு’ என்று யார் ஆலோசனை சொன்னாலும், அவர் போதகராகவே இருந்தாலும், நீங்கள் அதற்குக் கட்டுப்படவேண்டியதில்லை.

நீங்களே காயப்படுத்தியிருந்தால்

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு (மத்தேயு 5:23, 24). ஆராதனையைவிட இதற்கு அவசரம் அதிகம். மன்னிப்புக் கேட்கும்போது ‘ஆனால்’ என்ற சொல் வரக்கூடாது. “நான் உன்னைப் பிள்ளைகள் முன்னால் கத்தினேன். அது தவறு. மன்னித்துவிடு.” அவ்வளவுதான். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகளிடமும் இதே வார்த்தைகளில் கேளுங்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தவேண்டாம் என்று எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. பெற்றோர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்ற எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை.

கோபத்தில் கை நீள்கிறது, பொருள்கள் உடைகின்றன, வீட்டார் உங்களைக் கண்டு பயப்படுகிறார்கள், குடி அதோடு சேர்கிறது என்றால் இந்தப் படிகள் மட்டும் போதாது. போதகரிடம் சொல்லுங்கள், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரையும் பாருங்கள். நீண்டநாள் எரிச்சலுக்குப் பின்னால் மனச்சோர்வோ தூக்கமின்மையோ இருக்கலாம் என்பதால் மருத்துவரையும் பார்ப்பது நல்லது. ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே முழுவதையும் சொல்லுங்கள். நீங்கள் கோபப்படும்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்கள் மனைவி அல்லது கணவர் விவரிப்பார் என்றால், அந்த விவரத்தை அவருடைய வார்த்தைகளிலேயே, குறைக்காமல் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.